குணமா, நோயா? தங்கச்சியைப் பற்றி ஒரு கேள்வி

மஸ்கெலியாக்காரன்:
என் தங்கச்சிக்கு 24 வயது. போன மாதம் கிளினிக் கொப்பியில் டொக்டர் ‘போடர்லைன் ஆளுமைக் கோளாறு’ என்று எழுதிவிட்டார். காலையில் “அண்ணனை விட்டால் எனக்கு யார் இருக்கா” என்பாள். பின்னேரம் நான் போன் எடுக்கச் சுணங்கினால் “நீயும் என்னை விட்டுட்டுப் போகத்தானே போற” என்று பாத்திரம் பறக்கும். மூன்று வேலையை விட்டுவிட்டாள். கையைக் கீறிக்கொள்கிறாள். நேராகவே கேட்கிறேன்: குணத்துக்கு ஒரு பெயர் வைத்தால் அது நோயாகிவிடுமா? லயத்தில் யாருக்குத்தான் கஷ்டம் இல்லை? எல்லாருமா பாத்திரத்தை எறிகிறார்கள்?

பண்டாரவளைத் தாதி:
தம்பி, கோபக்காரர், சந்தேகக்காரர், ஒட்டாதவர் எல்லா வீட்டிலும் உண்டு. அது கோளாறு இல்லை. இளவயதில் தொடங்கி, வருடக்கணக்காக மாறாமல், வீடு, வேலை, நட்பு என்று போகிற இடமெல்லாம் ஒரே விதமாக முட்டிக்கொண்டு வாழ்க்கையைக் குலைத்தால்தான் அந்தப் பெயரை எழுதுவார்கள்.

காரணம் ஒன்று இல்லை. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏறக்குறைய பாதிப் பங்கைப் பரம்பரைக்குக் கொடுக்கின்றன. மீதி வளர்ந்த சூழல். மார்ஷா லினெஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சட்டென்று பற்றிக்கொண்டு மெதுவாக ஆறும் மனதோடு ஒரு பிள்ளை பிறக்கிறது. அது அழும்போதெல்லாம் “இதுக்கெல்லாமா அழுவாங்க” என்று சுற்றியிருப்பவர்கள் வாயை அடைக்கிறார்கள். இரண்டும் சேரும்போது, உணர்ச்சியை எப்படி ஆற்றுவது என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வதே இல்லை. உங்கள் தங்கச்சி சின்ன வயதில் யாரிடம் வளர்ந்தா?

மஸ்கெலியாக்காரன்:
அம்மாச்சியிடம். அவளுக்கு 4 வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்குப் போனார், 6 வருடம். ஆனால் அக்கா, நானும் அதே அம்மாச்சியிடம்தான் வளர்ந்தேன். எனக்கு வரவில்லையே.

பண்டாரவளைத் தாதி:
உங்களுக்கு அப்போது என்ன வயது? அம்மா திரும்பி வருவார் என்று விளங்குகிற வயதாக இருந்திருக்கும். 4 வயதில் அது விளங்காது. பிறவி மனமும் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே மேடையில் வைத்த தேயிலைக் கன்றுகளே ஒன்றுபோல் பிடிப்பதில்லை.

ஹட்டன் வாசகன்:
எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அந்தத் தாய் குவைத்துக்குப் போனது எதனால்? கொழுந்து பறித்த சம்பளத்தில் வீடு ஓடவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறையைப் படுக்கவைத்துவிட்டு, கடைசியில் அந்தப் பிள்ளையின் ‘ஆளுமை’ கோளாறு என்று எழுதுவது நியாயமா? இன்னொன்று. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஆளுமைக் கோளாறுகளின் பழைய வகைப் பெயர்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறார்கள். நேற்றுவரை உறுதியாகச் சொன்ன பெயர்கள் எங்கே போயின?

பண்டாரவளைத் தாதி:
நீங்கள் சொல்வது சரி. ஆனால் போடர்லைன் போக்கை, அதாவது கைவிட்டுவிடுவார்களோ என்ற பயமும் சட்டென்று கொந்தளிக்கும் உணர்ச்சியுமாக இருப்பதை, மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ள அதிலும் இடம் வைத்திருக்கிறார்கள். இதற்குத்தான் பயன் தரும் சிகிச்சைகள் தெரியும். சம்பளத்துக்குப் போராட வேண்டும், நானும் வருவேன். அதுவரை அந்தப் பிள்ளை கையைக் கீறிக்கொண்டே இருக்கட்டுமா?

கொட்டகலை அக்கா:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் அதே பெயரைத்தான் எழுதினார்கள்.

முதலில் என்னைக் கோடாங்கியிடம்தான் கூட்டிப் போனார்கள். மூன்று வெள்ளிக்கிழமை உடுக்கு அடித்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. மூன்று மணிநேரம் பஸ்ஸில் போனால் அங்கே பேசுகிறவருக்குச் சிங்களம் மட்டும்தான். என் அக்கா புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அவர் முன்னால் நான் எதைச் சொல்வது? “தலைவலி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன், இரண்டு வருடம் அப்படியே. தமிழ் பேசும் ஒரு பிள்ளை அங்கே வேலைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தேன். கோபம் தலைக்கேறும்போது முகத்தில் குளிர்தண்ணீர் அடிப்பது, “என்னை விட்டுப் போறாங்க” என்று தோன்றினால் அது நடந்ததா, நான் நினைத்ததா என்று எழுதிப் பார்ப்பது, இதையெல்லாம் வாரா வாரம் பழகினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஹட்டன் அண்ணன், அந்தப் பெயர் எனக்கு அவமானமாக இல்லை. அதற்கு முன்பு எனக்கு இருந்த பெயர் ‘பேய் பிடிச்சவள்’.

மஸ்கெலியாக்காரன்:
அக்கா, மனசு கனக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நோய் என்றால் அவள் எறிந்த பாத்திரம் அம்மா தலையில் பட்டதும் சரியாகிவிடுமா? பாதி நாடகம் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது.

பண்டாரவளைத் தாதி:
சரியாகாது. எறியாமல் இருக்கப் பழகுவதுதான் சிகிச்சையே. ‘உன் வலி உண்மை’, ‘நீ மாறவும் வேண்டும்’ என்ற இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் லினெஹானின் முறை. அவர் வெளியிலிருந்து பார்த்துச் சொன்னவர் இல்லை. 17 வயதில் தானே மனநல மருத்துவமனையில் கிடந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்குக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் பத்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அறிகுறிகள் அடங்கியிருந்தன. வேலையிலும் உறவிலும் நிலைப்பதற்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நாடகம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள் தம்பி. 1995இல் நம் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் போனார்கள். கொடிய பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் தடைசெய்த பிறகு அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு கணத்து வேகத்தில் நஞ்சுக்குக் கை நீண்டவர்கள் அத்தனை பேர். வீட்டில் பூச்சிமருந்துப் போத்தல் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

ஹட்டன் வாசகன்:
போத்தல் விஷயத்தில் எனக்கு மறுபேச்சில்லை. பெயரைப் பற்றிய என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மனநல கிளினிக்கிலும் தமிழ் பேசும் ஒருவர் வேண்டும் என்று மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

மஸ்கெலியாக்காரன்:
அவள் இனிமேல் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்கிறாள். நான் மட்டும் போனால் பேசுவார்களா?

பண்டாரவளைத் தாதி:
பேசுவார்கள். வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று நீங்கள் கேட்டு வந்தாலே அவளுக்கு உதவி. அவசரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள், இரவிலும் எடுக்கலாம்.

மஸ்கெலியாக்காரன்:
போத்தலை எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன். கொட்டகலை அக்கா, அந்தத் தமிழ்ப் பிள்ளை எந்தக் கிழமை இருப்பார் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.