மெதுவாக நகர்ந்தது குறையில்லை, வாய் திறந்ததுதான் குறை

விழாக்களில் விருது வாங்கிய படம், விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய படம். பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும். கணவனை இழந்த ஒரு பெண், ஒரு வீடு, ஒரு குளிர்காலம், இரண்டரை மணி நேரம். கதை அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

படம் மெதுவாக நகர்கிறது, தூக்கம் வந்துவிட்டது என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பார்த்தேன். ஒரு காட்சியில் அவள் கணவனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றில் பொத்தான் தொங்குகிறது. ஊசியும் நூலும் எடுத்துவந்து அதைத் தைக்கிறாள், இனி யாரும் போடப்போவதில்லை என்று தெரிந்தே. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அந்தச் சட்டையையும் மடித்து மேலே வைக்கிறாள். நடுவில் வெட்டே இல்லாத ஒரே ஷாட், வசனமே கிடையாது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்தப் படத்துக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று தோன்றியது.

ஆனால் சரக்கு அதோடு தீர்ந்துவிட்டது. அப்புறம் ஜன்னல், மழை, வெறிச்சோடிய சாலை, மறுபடி ஜன்னல். ஒரு ஷாட் நீள வேண்டும் என்றால் அதற்குள் ஏதாவது மாற வேண்டும். திரையில் எதுவும் மாறாவிட்டாலும் பார்க்கிற நமக்குள்ளாவது மாற வேண்டும். இங்கே முதல் பத்து விநாடியில் என்ன கிடைத்ததோ அதேதான் நான்காவது நிமிடத்திலும்.

மெதுவான படம் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் ஆகர்மான் 1975இல் எடுத்த 'ழான் தீல்மன்' 201 நிமிடம் ஓடும். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை எல்லாக் காலத்துக்கும் சிறந்த படம் எது என்று நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது அதுதான். ஒரு பெண் சமைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் முழுசாகக் காட்டுகிற படம். முதல் நாள் அவளுடைய ஒழுங்கை அவ்வளவு நேரம் பார்த்துப் பழகியதால்தான், அடுத்த நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோகும்போது நமக்குப் பகீரென்கிறது. ஹங்கேரி இயக்குநர் பேலா தாரின் 'டூரின் குதிரை' (2011) முழுப்படமுமே 30 ஷாட்தான். அதிலும் தினம் அதே கிழங்கு, அதே மேசை. ஆனால் கிணறு வற்றுகிறது, விளக்கு எரிய மறுக்கிறது. இரண்டிலும் காத்திருந்ததற்குப் பலன் இருக்கிறது.

நான் பார்த்த படத்தில் கடைசிப் பகுதியில் அவளுடைய அக்கா வருகிறாள். சமையலறையில் எதிரே உட்கார்ந்துகொண்டு, "அவர் போனதிலிருந்து நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, உள்ளுக்குள்ளேயே உறைந்துபோய்விட்டாய்" என்கிறாள். அங்கேதான் எனக்கு வெறுத்துப்போனது. அந்தப் பொத்தானைத் தைத்தபோதே இதெல்லாம் தெரிந்துவிட்டதே! இரண்டு மணி நேரம் மௌனமாக இருந்து எங்களை நம்புவதாகக் காட்டிக்கொண்ட படம், எங்கே புரியாமல் போய்விடுமோ என்று பயந்து போட்டு உடைக்கிறது. அதுவும் வசனத்தில்.

"உனக்குப் பொறுமை இல்லை" என்று நண்பர்கள் சொன்னார்கள். 1960இல் கான் திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் மெதுவான படமான 'லாவென்ச்சுரா'வைப் பிடிக்காமல் கூச்சல் போட்டார்கள், அதே விழாவில் அது ஜூரி விருதும் வாங்கியது என்று உதாரணமும் காட்டினார்கள். உண்மைதான். அதற்காகப் பிடிக்காமல் போன ஒவ்வொரு படத்துக்கும் பார்ப்பவர்மீதே பழியைப் போட முடியுமா? நான் குறை சொல்வது வேகத்தை இல்லை. விமர்சனங்களில் 'தியானம் போன்ற படம்' என்று வரிக்கு வரி எழுதியவர்கள், அக்கா பேசும் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அதே இயக்குநரின் அடுத்த படத்தையும் கட்டாயம் பார்ப்பேன். பொத்தான் காட்சியை எடுக்கத் தெரிந்தவரை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது. இந்தப் படம் மனசாரப் பிடித்தவர்கள் இருந்தால், அந்த ஜன்னல் ஷாட்டுகளில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.