பி.டி. கத்திரியின் மரபணு முள்கத்திரிக்குப் போகுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை, மாடித்தோட்டம்)

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரமாக ஒரு முள்கத்திரி தானாக முளைத்துக் கிடக்கிறது. தண்டிலும் இலை நரம்பிலும் முள். பெரிய கோலிக்குண்டு அளவான காய், வரிப்பச்சையாக இருந்து பழுத்தால் மஞ்சளாகிறது. பூ மட்டும் என் தொட்டியிலுள்ள நாட்டுக் கத்திரியின் ஊதாப் பூவைப் போலவே இருக்கிறது. நாளை பி.டி. கத்திரிக்கு (காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு ஒன்றைப் புகுத்திய கத்திரி) அனுமதி கிடைத்து அக்கம்பக்கத்தில் யாராவது வைத்தால், அதன் மரபணு இந்தச் செடிக்குப் போய்விடுமா? 2002 முதல் பி.டி. பருத்தி விளைகிறதே, அதில் இப்படி எதுவும் நடக்கவில்லையே என்கிறான் என் தம்பி.

பதில் (வியாசர்பாடி, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்)

பருத்தியை வைத்துக் கத்திரியை அளக்க முடியாது, அம்மா. அமெரிக்க இனமான பி.டி. பருத்திக்கு 52 குரோமோசோம்கள், நம் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிக்கு 26. தப்பித் தவறிக் கலந்தாலும் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடு. அந்த அமெரிக்கப் பருத்தியின் காட்டு உறவு வளரும் மெக்சிகோவிலோ, காட்டுச் செடிகளிலேயே பயிரில் புகுத்திய மாற்று மரபணு கண்டறியப்பட்டிருக்கிறது. கத்திரிக்கு அந்தக் காட்டு உறவு இங்கேதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அதன் காட்டு மூதாதைக்குப் பொருந்துகின்றன; இரண்டும் கலந்தால் விதை முளைக்கும், அந்தச் செடியும் காய்க்கும். சுண்டையோடு அப்படி எளிதில் கலக்காது.

பதில் (மாதவரம்)

கத்திரி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். காலையில் ஒரு பூவின் அருகே உட்கார்ந்து பாருங்கள்: மஞ்சள் மகரந்தப்பைகளின் நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும், கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து ரீங்காரத்தோடு உடம்பை அதிரவைக்கும்போது தூள் அதன் வயிற்றில் கொட்டும், அதே வயிற்றோடு அது அடுத்த செடிக்குப் போகும். நான் பச்சைக் கத்திரிக்குப் பக்கத்தில் ஊதாக் கத்திரியை வைத்து, பச்சையின் விதையை எடுத்து விதைத்த வருடம், இரண்டு செடிகளில் ஊதா படர்ந்த காய்கள் வந்தன.

கேள்வி கேட்டவர்

கலந்தால் என்ன கெடுதல், ஐயா? முள்கத்திரியை யாரும் சமைப்பதில்லையே.

பதில் (வியாசர்பாடி)

கலப்பு நடப்பது மட்டுமே ஆபத்தாகிவிடாது. வந்த மரபணு காட்டுச் செடிக்கு ஆதாயம் தருகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் காட்டுச் சூரியகாந்திக்குள் பி.டி. மரபணுவைச் சேர்த்துச் சோதித்தபோது, நெப்ராஸ்காவில் அந்தச் செடிகள் 55 சதவீதம் கூடுதலாக விதை தந்தன என்று 2003-ல் வெளியிட்டார்கள். புழு தின்று குறைத்துக்கொண்டிருந்த விதைகள் தப்பிவிட்டன. இங்கேயும் அப்படி நடந்தால் முள்கத்திரி களையாகப் பெருகலாம், நாளைய கத்திரி ரகங்களுக்கு நாம் நம்பியிருக்கும் காட்டு விதையிருப்பின் இயல்பும் மாறிப்போகலாம். 2010-ல் பி.டி. கத்திரி இங்கே நிறுத்தி வைக்கப்பட்டதைச் சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள்: அந்தச் செடியில் பத்துக் காய்களைப் பறித்து, அறுத்து, எத்தனையில் காய்ப்புழு இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்; புழு தின்றால்தான் அந்த மரபணு அதற்கு ஆதாயம் தரும்.