உதவி தேவை: இளைஞர் தலைமைத் திட்டத்துக்கு இரண்டு முறை நிதி மறுத்துவிட்டார்கள், எங்கே தப்பு?

கடைமடை:
வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் சின்ன டிரஸ்ட் நடத்துகிறோம். 2019-இல் பதிவு செய்தது. 12ஏ, 80ஜி வருமான வரிப் பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கு அரசு தரும் தர்ப்பண் எண் எல்லாம் உண்டு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 படிவமும் போட்டாயிற்று. ஊர் இளைஞர்கள் 14 பேரை வைத்துக் குளத்தைத் தூர்வார 4 லட்ச ரூபாய்க்குத் திட்டம் எழுதி, இளைஞர்கள் நடத்தும் சமூகப் பணிகளுக்கு நிதி தரும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினோம். போன வருடமும் இல்லை என்றார்கள், இந்த வருடமும். பதிலில் ஒரே வரிதான்: "இளைஞர் தலைமை தெளிவாக இல்லை." பதினாலு பேரின் பெயர், வயது, போட்டோ வரை இணைத்திருந்தோம். இதற்கு மேல் என்ன தெளிவு வேண்டுமாம்?

ரசீதுப்புத்தகம்:
பேப்பர் பக்கம் குறை தெரியவில்லை. பணிகள் என்ற பகுதியையும் பட்ஜெட்டையும் இங்கே போடுங்களேன்.

கடைமடை:
பணிகள்: "இளைஞர்களுக்கு நீர் மேலாண்மைப் பயிற்சி அளிக்கப்படும். அவர்கள் குளம் தூர்வாரும் பணியில் ஈடுபடுத்தப்படுவார்கள். பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும். பணிகள் தொடர்ந்து கண்காணிக்கப்படும்."

பட்ஜெட்: ஒருங்கிணைப்பாளர் மதிப்பூதியம் 1,44,000. ஜேசிபி, டிராக்டர் 1,20,000. பயிற்சி 60,000. தொடக்க விழா 35,000. டி-ஷர்ட், பேனர் 25,000. ஆடிட், அலுவலகம் 16,000.

மூணாம்வாசிப்பு:
மூன்று வருடம் ஒரு நிதிக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நாலு வரியில் நாலு "படு". அளிப்பது யார், ஈடுபடுத்துவது யார், கண்காணிப்பது யார்? எந்த வாக்கியத்திலும் செய்கிறவன் இல்லை. இளைஞர்கள் வேலை செய்கிற ஒரே வரியிலும் அவர்கள் ஈடுபடுத்தப்படுகிறார்கள். அதாவது நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள். அது பங்கேற்பு, தலைமை இல்லை.

பட்ஜெட்டும் அதையேதான் சொல்கிறது. அந்த 14 பேர் முடிவெடுத்துச் செலவழிக்கிற பணம் எவ்வளவு என்று தேடினேன், டி-ஷர்ட்தான் கிடைத்தது. தொடக்க விழா 35,000 என்ற வரியைப் பார்த்தவுடனே குழுவில் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள்.

ஜேசிபி வாடகைக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு யாரை வைப்பது என்று அவர்களில் மூன்று பேர் முடிவு செய்யட்டும், பெயரோடு எழுதுங்கள். கணக்குக்குச் சட்டப்படி டிரஸ்டிகள்தான் பொறுப்பு. அதை மறைக்காமல், காசோலையில் கையெழுத்து நம்முடையது, தீர்மானம் அவர்களுடையது என்று எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும், மெஷின் ஓடும்போது அவர்கள் குளத்துக்குள் இறங்கக் கூடாது.

ஒரு கேள்வி. குளத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

வேட்டைக்காரனிருப்பு:
எதற்கு இந்தத் தொல்லை? வெளிநாட்டு அறக்கட்டளைகள் இளைஞர் திட்டங்களுக்கு நேரடியாகவே தருகின்றன. அங்கே போடுங்கள்.

ரசீதுப்புத்தகம்:
அண்ணே, எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய் வாங்கினாலும் வழக்குதான். பதிவுக்கு டிரஸ்ட் ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று வருடத்தில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பதிவு உள்ள இன்னொரு டிரஸ்ட் வழியாக வாங்கலாமா என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் கிடையாது. இவர்களுக்கு உள்ளூர் சிஎஸ்ஆர் பணம்தான் வழி.

இன்னொன்று, குளம் யாருடையது? பொதுவாக ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலப் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், மேலே என்றால் நீர்வளத் துறை. கிராம சபைத் தீர்மானமும் எழுத்துபூர்வ அனுமதியும் இணைக்கவில்லை என்றால் எந்தக் கம்பெனியும் பயப்படும். அள்ளுகிற மண் எங்கே போகிறது என்றும் எழுத வேண்டும். அனுமதி இல்லாமல் வெளியே போனால் அது கனிமச் சட்டத்தில் போய் நிற்கும்.

கடைமடை:
மூணாம்வாசிப்பு சார், உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தேர்ந்தெடுத்தது நான். ஞாயிற்றுக்கிழமை 14 பேரையும் கூப்பிட்டு விண்ணப்பத்தைப் படித்துக் காட்டினேன். அதுவரை ஒருத்தரும் பார்த்ததே இல்லை. பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிற பெண் எழுந்து, "அண்ணா, குளத்தைத் தோண்டி என்ன பண்றது? தண்ணி வர்ற வாய்க்காலே அடைச்சுக் கிடக்கே" என்றது. எல்லாரும் நடந்து போய்ப் பார்த்தோம். ரோட்டுக்கு அடியில் போகிற குழாய்க்குள் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து கல் மாதிரி இறுகிப் போயிருக்கிறது. கம்பை விட்டால் ஒரு முழம்கூட உள்ளே போகவில்லை. நான் தினம் பைக்கில் அதன் மேலேதான் போகிறேன்.

அங்கேயே உட்கார்ந்து பட்ஜெட்டைப் பிரித்துப் போட்டார்கள். விழாவை அடித்தார்கள், டி-ஷர்ட்டை அடித்தார்கள். எனக்குப் போட்டிருந்த மதிப்பூதியத்தையும் பாதியாக்கிவிட்டார்கள். இப்போது 2,68,000-இல் நிற்கிறது. கூட்டக் குறிப்பு அவர்கள் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு நோட்டில் இருக்கிறது. டைப் அடித்துச் சுத்தமாக இணைக்கவா?

மூணாம்வாசிப்பு:
வேண்டாம். அடித்தல் திருத்தலோடு அப்படியே ஸ்கேன் செய்து இணையுங்கள். தேதியும் வந்தவர்கள் கையெழுத்தும் தெரிய வேண்டும். குழாயைப் போட்டோ எடுங்கள், கம்போடு. விண்ணப்பத்தின் முதல் பத்தியை அந்தப் பெண்ணே எழுதட்டும், நீங்கள் எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள்.

ரசீதுப்புத்தகம்:
வாய்க்கால் புறம்போக்குதானா என்று விஏஓவிடம் உள்ள அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். யாருடைய பட்டாவுக்குள்ளாவது போனால் கதை வேறு. குழாய் ரோட்டுக்கு அடியில் இருப்பதால் ரோடு யாருடையதோ அவர்களிடமும் ஒரு கடிதம் வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, தீர்மானத்துக்கான மனுவை இந்த வாரமே தலைவரிடம் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

கடைமடை:
சரி சார். மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பக்கத்தில் விடவில்லை.