காலையில் ஆன் ஆக மறுக்கும் ஜி41 போர்டு, வரும்போதெல்லாம் வேறு வேறு ப்ளூ ஸ்கிரீன்

கணக்குப்பிள்ளை:

கடையில் பில் போடும் கம்ப்யூட்டர். கோர் 2 டூயோ இ7500, ஜி41 போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 500 ஜிபி சாட்டா ஹார்டு டிஸ்க், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 600 விஏ யுபிஎஸ். விண்டோஸ் 7, 32 பிட். பில்லிங் சாஃப்ட்வேர் பழைய டாஸ் புரோகிராம், எல்பிடி (பாரலல்) போர்ட்டில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நேராக அடிக்கும். 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. புது மெஷினுக்கு மாறாததற்கு அதுதான் காரணம்.

காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. நாலைந்து முறை அழுத்திய பிறகுதான் ஆன் ஆகும். ஞாயிறு லீவு விட்டுத் திங்கள் வந்தால் இது இன்னும் மோசம். (இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம்.) ஆன் ஆனபின் ஓரளவு ஓடும், நடுவில் ப்ளூ ஸ்கிரீன். அதில் இதுவரை பார்த்த ஸ்டாப் கோடுகள் (பிழை எண்கள்) 1ஏ, 50, 124. சில நேரம் ப்ளூ ஸ்கிரீனே வராமல் சட்டென்று ரீஸ்டார்ட். கரண்ட் போனால் யுபிஎஸ் எடுத்துக்கொள்கிறது, மானிட்டர் அணைவதில்லை, ஆனால் சிபியு மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. தேதியும் அடிக்கடி 2009க்குப் போய்விடுகிறது.

ராமைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டியாகிவிட்டது. பிராசசர் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டவில்லை. ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார்கள். டாஸ் புரோகிராமின் ஃப்ளாப்பிகள் இப்போது இல்லை என்பதால் தயக்கமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?


வேகவிசை:

சார், 1ஏ, 50 ரெண்டுமே மெமரி பக்கம் காட்டுற கோடு. ஒரு ராமைக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா திறந்து செக்டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் போட்டு ஓட விடுங்க. அதுக்கும் அடங்கலைன்னா ரீஇன்ஸ்டால்தான் வழி.


நீலத்திரை:

செக்டிஸ்க்கை மட்டும் இப்போது ஓட்டாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை மெமரியில் வைத்துப் படித்துத் திருத்தி, திருத்தியதை டிஸ்க்கில் எழுதுகிறது. ராமோ அதற்குப் போகும் கரண்டோ சரியில்லாத மெஷினில் அது நல்ல ஃபைலைக் கெட்டது என்று நினைத்துத் "திருத்தி" வைத்துவிடும். ஸ்லாஷ் ஆர் டிஸ்க் முழுவதையும் படிக்கும். டிஸ்க்கே சாகிற நிலையில் இருந்தால் மிச்ச உயிரையும் அதுவே வாங்கிவிடும். ரீஇன்ஸ்டாலுக்கும் இதே கதைதான், கோளாறான மெஷினில் போடும் விண்டோஸ் முதல் நாளே கோளாறாகத்தான் ஏறும்.

முதலில் டேட்டா. டாஸ் புரோகிராமுக்கு ஃப்ளாப்பி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் ஒன்றும் எழுதாத காலத்துச் சரக்கு அது. பெரும்பாலும் அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்து இன்னொரு 32 பிட் விண்டோஸில் வைத்தால் ஓடும். கூடவே சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக்.என்டி, ஆட்டோஎக்ஸெக்.என்டி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லிங் புரோகிராம்கள் ஒரே நேரத்தில் நிறைய ஃபைல்களைத் திறக்கும், அந்த எண்ணிக்கை கான்ஃபிக்.என்டியில்தான் ஃபைல்ஸ் என்ற வரியில் இருக்கும். அதை விட்டுவிட்டால் புது இடத்தில் புரோகிராம் பாதியில் நிற்கும். இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

அடுத்தது கோடுகள். டிரைவர் கோளாறு என்றால் பொதுவாக ஒரே கோடு, ஒரே டிரைவர் பெயர், ஒரே மாதிரி வேலை செய்யும்போது வரும். 1ஏ, 50, 124 என்று மாறி மாறி வருவது ஹார்டுவேர் பேச்சு. அதிலும் 124 என்பது பிராசசரே நேராக "எனக்குள் பிழை" என்று புகார் கொடுக்கும் கோடு. உறுதிப்படுத்த: கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி. அங்கே ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் டிக்கை எடுங்கள். இனி ப்ளூ ஸ்கிரீன் வந்தால் திரையிலேயே நிற்கும். டிக்கை எடுத்த பிறகும் சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸுக்கு அதில் பங்கில்லை, கரண்ட் அறுந்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதன் டீட்டெயில்ஸில் பக்செக் கோடு (அதாவது ஸ்டாப் கோடு) 0 என்றிருந்தால் அதுவும் இதையே சொல்கிறது. 41ஐப் பார்த்ததும் "பவர் சப்ளை எரர்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. போன முறை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (டிஸ்க்கின் நிலையைக் காட்டும் புரோகிராம்) போட்டு 5, 197, 198, 199 ஆகிய நான்கு எண்களுக்கும் ரா வேல்யூ பாருங்கள். அது ஹெக்ஸில் காட்டும், செட்டிங்கில் பத்தடிமான எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்.


ஈயப்பற்று:

நீங்க எழுதினதிலேயே பாதி விடை இருக்கு. குளிர்ந்து கிடந்தா ஆன் ஆகாது, சூடானா ஓடும், திங்கக்கிழமை மோசம். இது எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் உலர்ந்துபோன அடையாளம். உள்ளே இருக்கிற திரவம் குறையக் குறைய அதோட உள்மின்தடை ஏறும். குளிர்ல இன்னும் ஏறும், கொஞ்சம் சூடு பட்டா இறங்கும். நாலஞ்சு தடவை பட்டனை அழுத்துறப்போ நீங்க அதைச் சூடுதான் பண்றீங்க. ராத்திரி மெயினை அணைக்காம விட்டா எஸ்எம்பிஎஸ்ல ஸ்டாண்ட்பை பகுதி வெதுவெதுப்பாவே இருக்கும், காலையில கோளாறு தெரியாது.

யுபிஎஸ் விஷயமும் இதோட சேர்ந்ததுதான். கரண்ட் போய் பேட்டரிக்கு மாற யுபிஎஸ்க்குச் சில மில்லி செகண்ட் ஆகும், வழக்கமா 10க்குள்ள. நல்ல எஸ்எம்பிஎஸ் தன் பெரிய கெப்பாசிட்டர்ல இருக்கிற சார்ஜை வச்சு 16 மில்லி செகண்ட் போலத் தாங்கும். அது கொள்ளளவு இழந்துட்டா அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. அதனால இப்பவே யுபிஎஸ் பேட்டரி வாங்கக் காசு செலவழிக்காதீங்க.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வச்சு அளந்து எழுதுங்க. கறுப்பு புரோப் கறுப்பு வயர்ல. 24 பின் கனெக்டரைக் கழட்ட வேண்டாம், பின்பக்கமா புரோப்பைச் சொருகலாம்.

ஊதா: ஸ்டாண்ட்பை 5 வோல்ட், காலையில பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி
மஞ்சள்: 12 வோல்ட், 11.4க்குக் கீழே போகக் கூடாது
சிவப்பு: 5 வோல்ட், 4.75க்குக் கீழே கூடாது
ஆரஞ்சு: 3.3 வோல்ட், 3.14க்குக் கீழே கூடாது

சும்மா நிக்கும்போது ஒரு தடவை, பிரைம்95 (பிராசசருக்கு முழு வேலை கொடுக்கிற சோதனை புரோகிராம்) ஓடும்போது ஒரு தடவை. பயாஸ்ல (போர்டோட சொந்த செட்டிங் திரை) காட்டுற வோல்டேஜை நம்பாதீங்க, அது தோராயம். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம், பிளக்கை உருவின பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல சார்ஜ் நிக்கலாம்.

போர்டுல பிராசசர் சாக்கெட்டைச் சுத்தி வரிசையா நிக்கிற கெப்பாசிட்டர்களை டார்ச் அடிச்சுப் பாருங்க. தலை தட்டையா இருக்கணும். புடைச்சிருந்தாலோ பழுப்பா கசிஞ்சிருந்தாலோ, ரப்பர் அடி தள்ளிச் சாய்ஞ்சு நின்னாலோ போயிடுச்சுன்னு அர்த்தம். தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காக்கிற சிஆர்2032 பேட்டரியையும் அளந்துடுங்க.


கணக்குப்பிள்ளை:

இருவருக்கும் நன்றி. டேட்டா இரண்டு பென் டிரைவில் ஏறிவிட்டது, வேறு ஒரு மெஷினில் புரோகிராம் திறக்கிறது. கான்ஃபிக்.என்டி இல்லாமல் முதலில் பாதியில் நின்றது, நீங்கள் சொன்னபடியே.

ஊதா காலையில் 4.52. மஞ்சள் 11.63, பிரைம்95 ஓடும்போது 11.17. சிவப்பு 4.81. ஆரஞ்சு 3.31. பேட்டரி 2.41. சாக்கெட் பக்கம் இரண்டு கெப்பாசிட்டர் தலை புடைத்திருக்கிறது, 6.3 வோல்ட் 820 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது. டிஸ்க்கில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் 312. கெர்னல்-பவர் 41 ஒன்பது இருக்கிறது, ஆறில் பக்செக் 0.

பேட்டரியை மாற்றினால் விண்டோஸ் வராமல் போகும் என்கிறார்களே, உண்மையா?


ஈயப்பற்று:

எஸ்எம்பிஎஸ் முதல்ல போகணும். 11.17, 4.52 ரெண்டும் வரம்புக்கு வெளியே. சொல்லப்போனா, வோல்டேஜ் சரியா இருந்தாக்கூட அது நல்லதுன்னு மீட்டரால சொல்ல முடியாது. 12 வோல்ட் மேல வர்ற ரிப்பிள் (வேகமான ஏற்ற இறக்கம்) 120 மில்லி வோல்ட்டுக்குள்ள இருக்கணும், அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேணும். உங்களுக்கு மீட்டரே காட்டிக்கொடுத்துடுச்சு.

வாங்கும்போது மொத்த வாட்டைப் பார்க்காதீங்க, ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு பாருங்க. இ7500க்கு 65 வாட்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லை. 12 வோல்ட்ல 20 ஆம்பியர் உண்மையா தர்ற எதுவும் தாராளம்.

கெப்பாசிட்டரை அதே 820 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் அல்லது அதுக்கு மேல, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்மின்தடை குறைஞ்ச) வகைன்னு கேட்டு வாங்குங்க. சாதாரண ரேடியோ கெப்பாசிட்டர் போட்டா சில மாசத்துல திரும்பப் புடைக்கும். புடைச்ச ரெண்டை மட்டும் இல்லை, அந்த வரிசையில இருக்கிற ஒரே மாதிரி எல்லாத்தையும் மாத்திடணும். குறுக்களவு அளந்துட்டுப் போங்க, 8 மில்லிமீட்டர் இருக்கிற இடத்துல 10 உட்காராது. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. போர்டுல வெள்ளை அடிச்ச பாதி பெரும்பாலும் நெகட்டிவ், சில போர்டுல நேர்மாறு. தலைகீழா மாட்டினா வெடிக்கும். பல அடுக்கு போர்டு சூட்டை இழுத்துக்கும், 25 வாட் அயர்ன்ல ஈயம் உருகாது, இழுத்தா துளையில இருக்கிற செம்பு பிய்ஞ்சு வந்துடும். 60 வாட் அயர்ன் வச்சிருக்கிற போர்டு சர்வீஸ்காரர்கிட்ட கொடுங்க.


நீலத்திரை:

199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா பிசகிய கணக்கு. தட்டில் கோளாறு இருந்தால் 5, 197, 198 ஏறியிருக்கும். சாட்டா கேபிளை மாற்றி, கிளிப் வைத்த புதியது போடுங்கள். 312 குறையாது, அந்த எண் வாழ்நாள் கணக்கு. இனி ஏறாமல் நின்றால் போதும்.

பேட்டரி விஷயத்தில் பயம் வேண்டாம், ஆனால் காரணம் இருக்கிறது. பேட்டரி செத்தால் பயாஸ் ஃபேக்டரி செட்டிங்குக்குப் போகும், சாட்டா மோடு (போர்டு டிஸ்க்குடன் பேசும் முறை) ஏஹெச்சிஐக்கும் ஐடிஇக்கும் இடையே மாறிவிட்டால் விண்டோஸ் 7 ஸ்டாப் 7பி காட்டி நிற்கும். பயாஸில் பழைய மோடுக்குத் திருப்பினால் எழுந்துவிடும். எச்61 போன்ற போர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் ஐசிஎச்7 சிப் இருக்கும், அதில் ஏஹெச்சிஐயே கிடையாது. உங்களுக்கு வரக்கூடிய தொல்லை வேறு: பாரலல் போர்ட் மோடும் முகவரியும் மாறி பிரிண்டர் மௌனமாகிவிடும். பேட்டரியைத் தொடும் முன் பயாஸின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். முகவரி 378, ஐஆர்க்யு 7 என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

எல்லாம் மாற்றிய பிறகுதான் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+. இப்போது ஓட்டினால் பிழை காட்டும், அது ராமின் பிழையா கரண்டின் பிழையா என்று பிரிக்க முடியாது. நல்ல ராமைத் தூக்கிப்போட்டுவிடுவீர்கள். யுஎஸ்பியில் பூட் செய்து இரவு முழுக்க விடுங்கள். ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல. வந்தால் ஒவ்வொரு ராமாகத் தனித்தனியே ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். மாற்ற நேர்ந்தால் 4 ஜிபி ஸ்டிக்கில் 8 சிப் உள்ளதை வாங்காதீர்கள், ஜி41க்கு 16 சிப் உள்ளதுதான் சேரும். உங்களுக்கு 2 ஜிபி ஸ்டிக்கே போதும், 32 பிட் விண்டோஸ் எப்படியும் 4 ஜிபியை முழுதாகப் பயன்படுத்தாது.

மெம்டெஸ்ட் சுத்தமாக வந்த பிறகு செக்டிஸ்க்கை ஸ்லாஷ் எஃப் போட்டு ஓட்டுங்கள், எஸ்எஃப்சி (விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் கட்டளை) போன்ற வேலைகளுக்கும் அப்போதுதான் நேரம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் அப்டேட் நின்றுவிட்டது. பில் மட்டும் போடும் மெஷின்தானே, நெட் கேபிளை உருவிவிடுங்கள்.


கணக்குப்பிள்ளை:

எஸ்எம்பிஎஸ், ஆறு கெப்பாசிட்டர், பேட்டரி, கேபிள் மாற்றியாயிற்று. மஞ்சள் பிரைம்95இல் 12.04, ஊதா 5.06. திங்கள் காலை முதல் அழுத்தலிலேயே ஆன் ஆனது. மெம்டெஸ்ட் 7 பாஸ், பிழை 0. 199 இன்னும் 312லேயே நிற்கிறது. யுபிஎஸ் பிளக்கை மூன்று முறை உருவிப் பார்த்தேன், ரீஸ்டார்ட் ஆகவில்லை. பிரிண்டர் மட்டும் முதலில் அடிக்கவில்லை, படத்தைப் பார்த்து போர்ட் மோடை ஈபிபியிலிருந்து எஸ்பிபிக்கு மாற்றியதும் அடித்தது.