வாலுப் பிள்ளையும் கண்டிப்பான பாட்டியும்: உங்கள் வீட்டில் நடந்தது?

ரசச்சட்டி:
தீபாவளிக்கு மாமியார் வீடு. மகள் ஒன்றாம் வகுப்பு, இடக்கைக்காரி, வாய்த்துடுக்கு வேறு. “சோத்துக்கை எதுன்னு தெரியாதா?” என்று காலை இட்லிக்கே ஆரம்பித்துவிட்டது. மதியம் பந்தியில் எல்லோர் முன்னாலும் அவள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்து ஈரிழைத் துண்டால் கட்டிவிட்டார். அழுவாள் என்று பார்த்தால், வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, இலையில் கிடந்த அப்பளத்தை வாயாலேயே கவ்வினாள். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் பருப்பு. “பாட்டி, இப்ப எந்தக் கையும் இல்ல!” யாரோ சிரித்துவிட்டார்கள். மாமியார் திட்டவில்லை. பாயசக் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனவர்தான், அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, வெட்கமா, இன்றுவரை பிடிபடவில்லை.

பொதிகைக்காற்று:
எங்க ஆச்சி இதற்கெல்லாம் மேலே. விளக்கு வைத்த பிறகும் தெருவில் கோலி ஆடினேன் என்று, டவுசர் பையைக் கவிழ்த்து ஒவ்வொரு குண்டாகக் கிணற்றில் போட்டார். “சத்தமா எண்ணுல.” எண்ணினேன். பதிமூன்று. திண்ணையில் இருந்த அவருடைய பாக்குவெட்டியை எடுத்து நானும் போட்டேன். “பதினாலு, ஆச்சி.” சித்தப்பா பக்கத்து வீட்டில் பாதாளக்கரண்டி வாங்கிவந்து துழாவினார். முதலில் மாட்டியது எப்போதோ காணாமல் போன பித்தளைச் செம்பு. அதைப் பால்காரர்தான் எடுத்தார் என்று அவரையே நிறுத்தியிருந்தார் ஆச்சி! அந்தக் கலவரத்தில் என் முதுகு தப்பியது.

வைகைக்கரை:
ரசச்சட்டி, பிள்ளை கையைக் கட்டுவதைத் தமாஷாக எழுதியிருக்கிறீர்கள். அது கண்டிப்பு இல்லை. நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேர் இடக்கைக்காரர்கள்தான், அது பிறவியிலேயே வருவது, திருத்தவேண்டிய கெட்ட பழக்கம் இல்லை. பந்தியில் அவளை இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்து ஆளின் முழங்கையில் இடிக்காது. எழுதும்போது நோட்டை வலப்பக்கம் சாய்த்து வைக்கப் பழக்குங்கள், மை கையில் அப்பாது. இடக்கைக் கத்தரிக்கோல் தனியாகவே விற்கிறார்கள். அப்புறம், இதையெல்லாம் உங்கள் கணவர்தான் அவருடைய அம்மாவிடம் பேசவேண்டும், நீங்கள் பேசினால் வேறு சண்டையாகிவிடும்.
எங்கள் வீட்டில் நடந்தது சின்னதுதான். சச்சினே இடக்கையில்தான் எழுதுகிறார் என்று அப்பத்தாவிடம் காட்டினோம். “பேட்டை வலது கையாளு மாதிரிதானடா பிடிக்கிறான்” என்று முடித்துவிட்டார்.

ரசச்சட்டி:
தமாஷாக எங்கே எழுதினேன்? துண்டை அவிழ்த்ததே நான்தான். ஆலோசனையும் கேட்கவில்லை. சரி, அந்த இடது ஓர யோசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.
பொதிகைக்காற்று, பாக்குவெட்டி கிடைத்ததா இல்லையா?

பொதிகைக்காற்று:
கோடையில் தூர் வாரும்போது கிடைத்தது, துருவேறிப்போய். கோலிகளும் சேற்றோடு வந்தன. ஆச்சி அவற்றைக் கழுவித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.