அம்மா போயிட்டா தேவலைன்னு மனசுல வருது, எனக்கு மட்டும்தான் இப்படியா?

நிழல்:
அம்மாவுக்கு கேன்சர், கல்லீரல் வரைக்கும் பரவிடுச்சு. இனிமே கீமோ குடுத்து பிரயோஜனம் இல்ல, வலி இல்லாம பாத்துக்குங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுல இருந்து வேலைய விட்டுட்டு நான்தான் கூடவே இருக்கேன். துடைச்சு விடறது, டயப்பர் மாத்தறது, மாத்திரை, ராத்திரியில புரட்டிப் படுக்க வைக்கறதுன்னு உடம்பு வேலை எல்லாம் பழகிடுச்சு, அதுக்காக புலம்ப வரல. மனசுதான் தாங்கல. மூச்சு சத்தம் வருதான்னு காத தீட்டிக்கிட்டே படுத்திருக்கேன், கொஞ்சம் நின்னா பதறி எழுந்திருக்கேன், அதே நிமிஷம் உள்ளுக்குள்ள "முடிஞ்சிட்டா தேவலை"ன்னு வருது. பெத்த அம்மா சாகணும்னு நினைக்கறவ என்ன பொண்ணுன்னு என் மேலயே அருவருப்பா இருக்கு. அண்ணன் வெளியூர்ல இருந்து போன் பண்ணி "இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாமே"ன்னு சொல்லிட்டு வச்சிடறான். யார்கிட்ட இத சொல்றது?

ஜன்னலோரம்:
இல்லம்மா, உங்களுக்கு மட்டும் இல்ல. என் வீட்டுக்காரர் கடைசி மாசங்கள்ல இருந்தப்ப எனக்கும் இதே நினைப்புதான், வெளிய சொன்னதே இல்ல. இப்ப யோசிச்சா அவர் போகணும்னு நான் நினைக்கல, அவர் படற அவஸ்தை போகணும்னுதான் நினைச்சேன், ரெண்டுத்தையும் பிரிச்சுப் பாக்கற தெம்பு அப்ப இல்ல. இன்னொன்னு, ஆள் உயிரோட இருக்கும்போதே நாம அழுது முடிச்சிடறோம். இது புதுசா கண்டுபிடிச்சது இல்ல, எரிக் லிண்டமன்னு ஒரு மனநல மருத்துவர் 1944லயே இதப்பத்தி எழுதியிருக்கார், போருக்குப் போனவங்க உயிரோட இருக்கும்போதே குடும்பத்துல சிலர் துக்கத்த முடிச்சிட்டத பாத்து எழுதினது. அதனால திடீர்னு மரத்துப்போன மாதிரி இருந்தா பாசம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

வார்டு நர்ஸ்:
நான் பாலியேட்டிவ் பிரிவுல, அதாவது பெரிய நோய்ல இருக்கறவங்களோட வலி, அவஸ்தைய குறைச்சு பாத்துக்கற பிரிவுல வேலை பாக்கறேன். இந்த கேள்விய குடும்பத்துல இருக்கறவங்க எங்கள தனியா வராண்டாவுக்கு கூப்பிட்டு, குரல தாழ்த்தி கேப்பாங்க. நீங்க இங்க எழுதினதே நல்லது. பாலியேட்டிவ் கேர்னா நோயாளிக்கு வலி மருந்து குடுக்கறது மட்டும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, உலக சுகாதார நிறுவனம் குடுக்கற விளக்கத்துலயே குடும்பத்துக்கு துணையா இருக்கறதும், இறப்புக்கு அப்புறம் அவங்க துக்கத்துல கூட நிக்கறதும் சேர்த்துதான் இருக்கு. அதனால உங்க டீம்கிட்ட "எனக்கு முடியல"ன்னு சொல்றதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. பாத்துக்கறவங்க சுமைய அளக்கவே ஸாரிட்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 22 கேள்வி, அதுல கோபம், வெட்கம், இன்னும் நல்லா பாத்திருக்கலாமோங்கற உறுத்தல் எல்லாம் கேப்பாங்க. அவ்வளவு சாதாரணமா வர்ற விஷயம்னுதான கேள்வியாவே வச்சிருக்காங்க.

பயமுறுத்த சொல்லல, ஆனா உங்க உடம்பையும் கவனிக்கணும். 1999ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, துணைய பாத்துக்கிட்டு அதனால மன அழுத்தத்துல இருந்த வயசானவங்களுக்கு நாலு வருஷத்துக்குள்ள இறக்கற அபாயம், அந்த பொறுப்பு இல்லாதவங்கள விட 63 சதவீதம் அதிகமா இருந்துச்சு. நீங்க சின்ன வயசா இருக்கலாம், ஆனாலும் தூக்கம் இல்லாம ரொம்ப நாள் ஓட்ட முடியாது. வாரத்துல ஒரு ராத்திரியாவது வேற யாராவது அம்மா பக்கத்துல படுக்கட்டும், நீங்க வேற ரூம்ல கதவ சாத்திட்டு தூங்குங்க. நாமளும் செத்துடலாம்னு எப்பவாவது தோணினா மட்டும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும்.

தூரத்து_தம்பி:
நான் உங்க அண்ணன் இடத்துல இருக்கற ஆளு. தூரத்துல இருக்கறவங்களுக்கு என்ன செய்யறதுன்னு தெரியாம டாக்டர மாத்தலாம்னு பேசுவோம், அது உங்கள எவ்வளவு குத்தும்னு புரியறதில்ல. "ஹெல்ப் பண்ணு"ன்னு பொதுவா கேக்காதீங்க. இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும் வந்து ராத்திரி நீ பாத்துக்கோ, இல்லன்னா ராத்திரிக்கு ஆள் வைக்க பணம் அனுப்புன்னு நேரா கேளுங்க. அடுத்த தடவை டாக்டர் பேசும்போது அண்ணனையும் போன்ல சேத்துடுங்க, நிலைமைய அவர் காதால கேட்டா இன்னொரு டாக்டர் பேச்சு அடங்கும்.

நிழல்:
படிச்சு அழுதுட்டேன். அண்ணனுக்கு மெசேஜ் போட்டாச்சு, தேதி சொல்லி. நர்ஸக்கா, இன்னொன்னு கேக்கணும். அம்மா ரெண்டு நாளா வாயே திறக்க மாட்டேங்கறாங்க. பட்டினி போட்டு கொல்றேனோன்னு இருக்கு.

வார்டு நர்ஸ்:
இல்ல. கடைசி கட்டத்துல உடம்பு சாப்பாட்ட ஏத்துக்காது, பசியும் பெரும்பாலும் இருக்காது. நோய் முத்துறதாலதான் சாப்பிடறது நிக்குது, நீங்க ஊட்டாததால இல்ல. வற்புறுத்தி ஊட்டினா புரையேறி நுரையீரலுக்குள்ள போயிடும், அதுதான் ஆபத்து. ஈரப்பஞ்சால உதட்டையும் வாயையும் நனைச்சு விடுங்க, வறட்சி தெரியாது. ஆனா ரெண்டு நாளா மாத்திரையும் உள்ள போயிருக்காதே, வலி மருந்த வேற வழியில குடுக்கணும், அதனால டீமுக்கு இன்னிக்கே போன் பண்ணுங்க. ராத்திரியில மூச்சு மாறினா யார கூப்பிடணும்னும் அப்பவே கேட்டு வச்சிக்குங்க.