தொலைபேசி மணி அடித்தால் இணையம் அறுந்துபோகிறது: கோளாறு வெளிக் கம்பியிலா, வீட்டுக்குள்ளா?

கேள்வி: மச்சுவீடு, கல்லிடைக்குறிச்சி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு பழைய காலத்து நீளவாக்கு வீடு. தெருவிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி தார்சாவில் (வீட்டின் முன்பகுதியில்) உள்ள ரோசெட் பெட்டியில், அதாவது கம்பிகளை இணைக்கும் சிறு பெட்டியில், வந்து முடிகிறது. அங்கிருந்து பட்டாசல் (கூடம்), அடுக்களை வழியாகப் புறவாசல் வரை ஒரு கம்பியும், மச்சுக்கு இன்னொரு கம்பியும் பல ஆண்டுகளுக்கு முன்பே இழுக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் தெருவுக்குள் ஃபைபர் இன்னும் வராததால், செப்புக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்பைத்தான் நம்பியிருக்கிறோம். 8 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம். கிடைப்பதோ 2 மெகாபிட்டுக்கும் குறைவு. யாராவது தொலைபேசியில் அழைத்தாலோ, நாங்கள் ரிசீவரை எடுத்தாலோ, மச்சில் இருக்கும் மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டத் தொடங்கி இணைப்பே அறுந்துவிடுகிறது. பேசும்போது காதில் ஓர் இரைச்சலும் கேட்கிறது.

மோடத்தின் நிலவரப் பக்கத்தில் காணும் எண்கள்: டவுன்ஸ்ட்ரீம் வேகம் 1,984 கிலோபிட், எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கும் இடைவெளி) 5.5 டெசிபெல், அட்டெனுவேஷன் (கம்பியில் வரும் வழியில் அலை தேயும் அளவு) 29 டெசிபெல். புகார் கொடுத்தபோது, எக்ஸ்சேஞ்சிலிருந்து சோதித்துப் பார்த்து லைன் நன்றாகவே இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். மோடத்தை மாற்றுவதா, கம்பியை மாற்றுவதா, மறுபடியும் புகார் கொடுப்பதா என்று தெரியவில்லை. அப்பா பகலெல்லாம் புறவாசல் பக்கமே இருப்பதால் அங்குள்ள தொலைபேசியை எடுத்துவிட ஒப்பமாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வண்ணார்பேட்டை வாசி

வேகம் குறைந்தால் பெரும்பாலோர் முதலில் வைஃபையைத்தான் குறை சொல்வார்கள். நீங்கள் கொடுத்திருக்கும் 1,984 என்பது மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே ஒப்புக்கொள்ளப்பட்ட வேகம் என்பதால், வைஃபைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மோடத்துடன் கொடுத்த ஸ்பிளிட்டர் (பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டி) எங்கே இருக்கிறது? அதில் லைன், போன், மோடம் என்று மூன்று வாய்கள் இருக்கும். மோடம் கம்பியைத் தவறிப்போய் போன் வாயில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மச்சுக்கும் புறவாசலுக்கும் போகும் கம்பிகள் ஸ்பிளிட்டருக்கு முன்பே பிரிகின்றனவா, பின்பா என்பதையும் சொல்லுங்கள். இது தெரியாமல் மோடத்தை மாற்றச் சொல்வது வீண் செலவு.

மச்சுவீடு

ஸ்பிளிட்டர் மச்சில், மோடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று வாய்களிலும் கம்பிகள் சரியாகவே செருகப்பட்டுள்ளன. இரண்டு கம்பிகளும் தார்சாவில் உள்ள ரோசெட் பெட்டியிலேயே பிரிந்துவிடுகின்றன. புறவாசல் தொலைபேசிக்கு ஃபில்டர் (இணைய அலையைத் தடுக்கும் வடிகட்டி) எதுவும் கிடையாது. பட்டாசலில் அழைப்பவர் எண்ணைக் காட்டும் பழைய பெட்டி ஒன்றும் அதே கம்பியில் இருக்கிறது. மச்சுக்குப் போவது தட்டையான, முறுக்கில்லாத கம்பி.

பதில்: ஓய்வுபெற்ற லைன்மேன், அம்பாசமுத்திரம்

தம்பி, எக்ஸ்சேஞ்சில் சொன்னது பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. 0.4 மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபெல் தேய்மானம் என்று கணக்கிடுவது வழக்கம். உங்கள் 29 டெசிபெல்லை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வருகிறது. ஏடிஎஸ்எல்லின் மேம்பட்ட வகையான ஏடிஎஸ்எல்2 பிளஸ்ஸில் அந்தத் தொலைவுக்கு 8 மெகாபிட் என்பது தாராளமாகக் கிடைக்கக்கூடியது. ஆகவே தொலைவு உங்கள் எதிரி அல்ல. மார்ஜின் 6 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி மோடம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. எங்கிருந்தோ இரைச்சல் புகுகிறது, அல்லது அலையில் ஒரு பகுதி கரைந்துபோகிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

ஒரே ஜோடிக் கம்பியில்தான் பேச்சும் இணையமும் வருகின்றன. பேச்சு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப்பகுதியில் நடக்கிறது. ஏடிஎஸ்எல் சுமார் 26 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, ஏடிஎஸ்எல்2 பிளஸ்ஸில் 2,208 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. ஃபில்டர் செய்யும் வேலை, தொலைபேசிக் கருவிக்குக் கீழ்ப்பகுதியை மட்டும் விட்டு மேற்பகுதியைத் தடுப்பதுதான். ஃபில்டர் இல்லாத தொலைபேசியில் ரிசீவரை எடுத்தால், அதன் உட்சுற்று இணைய அலையைத் தானும் உறிஞ்சுகிறது. அதுவரை இருந்த லைனின் தன்மையும் அந்த நொடியில் மாறிவிடுகிறது. மணி அடிக்க வரும் மின்னழுத்தம் இன்னொரு அதிர்ச்சி. பழகிய லைன் திடீரென்று மாறும்போது, மோடம் இணைப்பை விட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து பேரம் பேசத் தொடங்குகிறது. காதில் நீங்கள் கேட்கும் இரைச்சலும் பெரும்பாலும் இணைய அலை ஃபில்டர் இல்லாத கருவிக்குள் புகுவதால் வருவதே. அழைப்பவர் எண் காட்டும் பெட்டியும் ஒரு தொலைபேசிக் கருவிதான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. புறவாசல் கம்பியின் கோடியில் ஃபில்டர் ஒன்றைச் செருகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும், பாதிதான் சரியாகும். பிரதான லைனிலிருந்து கிளையாகப் பிரிந்து போகும் கம்பிக்குள் இணைய அலையும் நுழைந்து, கோடியில் மோதித் திரும்பி வந்து, நேராக வரும் அலையோடு கலந்து அதைக் கெடுக்கும். கிளையின் நீளம் எந்த அலையின் நீளத்தில் கால்பங்காக இருக்கிறதோ, அந்த அலைவரிசையில்தான் பெரும் பள்ளம் விழும். உங்கள் தார்சாவிலிருந்து புறவாசல் வரை கம்பி 130 அடி, அதாவது 40 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், பள்ளம் ஏறக்குறைய 1,250 கிலோஹெர்ட்ஸில், ஏடிஎஸ்எல்2 பிளஸ் அலைப்பட்டையின் நடுவிலேயே விழுகிறது. சின்ன வீட்டில் பத்தடிக் கிளை இருந்தால் ஒன்றும் ஆகாது. நம் பக்கத்து நீள வீடுகளுக்குத்தான் இந்தத் தொல்லை. மச்சுக்குப் போகும் தட்டைக் கம்பியோ முறுக்கு இல்லாததால் ஏரியல் போல வேலை செய்யும். திருநெல்வேலி வானொலியின் 1,197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை ஏடிஎஸ்எல்2 பிளஸ்ஸின் எல்லைக்குள்தான் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டிய சோதனை இதுதான். ரோசெட் பெட்டியைத் திறந்து, தெருவிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை மட்டும் விட்டுவிட்டு, வீட்டுக்குள் போகும் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிடுங்கள். மோடத்தைத் தார்சாவுக்கே கொண்டுவந்து, ஸ்பிளிட்டர்கூட இல்லாமல், குட்டைக் கம்பியால் நேராக அங்கே இணையுங்கள். பத்து நிமிடம் கழித்து அதே மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மோடத்தை அணைத்துப் போட்டு எண்களைப் பாருங்கள். எதைச் சேர்த்தவுடன் வேகம் விழுகிறதோ அதுதான் ஆள். ஈரக்கையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள்; சும்மா இருக்கும்போது அந்தக் கம்பியில் 48 வோல்ட்தான் என்றாலும், மணி அடிக்கும் நேரத்தில் 75 வோல்ட்டுக்கு மேல் வந்து கையை உதறவைக்கும்.

பதில்: சேரன்மாதேவிக்காரர்

அண்ணாச்சி சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் தார்சாவில் சோதித்தும் வேகம் ஏறாவிட்டால், வீட்டுக்குள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ரிசீவரை எடுக்கும்போது இணையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். எடுத்தவுடன் மோசமானால் ஃபில்டர் கோளாறு என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். எடுத்தவுடன் இணைப்பு தேறி, பேசி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படுத்துவிட்டால், கம்பத்திலோ டி.பி. பெட்டியிலோ (தெருவில் வீடுகளுக்குக் கம்பி பிரியும் பெட்டி) ஏதோ ஒரு ஜாயின்ட்டில் களிம்பு ஏறியிருக்கிறது. பேசும்போது ஓடும் நேர்மின்னோட்டம் அந்தக் களிம்புப் படலத்தைத் துளைத்துச் சிறிது நேரத்துக்கு நல்ல தொடர்பை உண்டாக்குகிறது. ஓட்டம் நின்றதும் பழைய கதைதான். ஆனியில் சாரலும் ஐப்பசியில் அடைமழையுமாக ஈரம் வற்றாத அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் இது அடிக்கடி நடப்பது.

ஜோடியில் ஒரு கம்பி முழுதாக அறுந்து, தொலைபேசியில் டயல் டோனே வராதபோதும் இணையம் மட்டும் தள்ளாடிக்கொண்டு ஓடுவதுண்டு. உயர்ந்த அலைவரிசை, அறுந்த இடத்தைக்கூட ஓரளவு தாண்டிவிடும். ஆகவே இணையம் வருகிறது என்பதை மட்டும் வைத்துக் கம்பி முழுமையாக இருக்கிறது என்று நம்ப வேண்டாம். ஜாயின்ட் கோளாறாக இருந்தால் உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. மேலே சொன்ன அறிகுறியைப் புகாரிலேயே எழுதிக்கொடுங்கள். 'வேகம் இல்லை' என்று மட்டும் எழுதினால் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபடி சோதித்துவிட்டு முடித்துவிடுவார்கள்.

மச்சுவீடு

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணாச்சி சொன்னபடி தார்சாவில் நேராக இணைத்தவுடன் வேகம் 11,200 கிலோபிட்டுக்கு ஏறியது; மார்ஜின் 6.5, அட்டெனுவேஷன் 27. மச்சுக் கம்பியை மட்டும் சேர்த்தபோது 9,000 சொச்சத்துக்கு இறங்கியது. புறவாசல் கம்பியைத் தொலைபேசி இல்லாமல் வெறுமனே சேர்த்தபோதே 6,000க்கு விழுந்துவிட்டதைப் பார்க்கத்தான் வியப்பாக இருந்தது. அந்தக் கோடியில் தொலைபேசியையும், பட்டாசலில் எண் காட்டும் பெட்டியையும் மாட்டியதும் பழைய 2,000 திரும்பிவிட்டது. ரிசீவரை எடுத்தால் மோசமாகிறதே தவிர, ஒருபோதும் தேறவில்லை. எனவே கம்பத்து ஜாயின்ட் தப்பித்தது. இப்போது மோடத்தைத் தார்சாவில் வைத்திருக்கிறேன். ஆனால் கணினி மச்சில் இருக்கிறது. ஸ்பிளிட்டரைத் தார்சாவுக்குக் கொண்டுவந்துவிட்டு, மோடத்துக்கு மட்டும் மச்சுவரை புதுக் கம்பி இழுக்கலாமா? அப்பாவின் தொலைபேசியை என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற லைன்மேன், அம்பாசமுத்திரம்

ஸ்பிளிட்டரைத் தார்சாவுக்குக் கொண்டுவருவதுதான் சரி. தெருவிலிருந்து வரும் கம்பி நேராக அதன் லைன் வாய்க்குள் போகட்டும். வீட்டுக்குள் உள்ள எல்லாத் தொலைபேசிகளும், அந்த எண் காட்டும் பெட்டியும், போன் வாய்க்குப் பின்னால் வரட்டும். அதன்பின் கிளை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இணைய அலை அதற்குள் போகாது. அப்பாவின் தொலைபேசி இருந்த இடத்திலேயே இருக்கலாம். அதற்குத் தனி ஃபில்டர் தேவையில்லை. யாராவது இடையில் வாங்கி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஃபில்டர் இருந்தால் பேச்சுதான் மங்கும்.

மோடத்தை மச்சுக்கு ஏற்றாமல் தார்சாவிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து கணினிக்கு லேன் கேபிள் இழுப்பதையே நான் விரும்புவேன். லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேகத்தில் குறை வைக்காது. வீட்டுக்குள் இழுக்கும் டிஎஸ்எல் கம்பிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மோடம் மச்சில்தான் வேண்டும் என்றால், பழைய தட்டைக் கம்பியைத் தூக்கியெறிந்துவிட்டு, அதே லேன் கேபிளில் ஒரு ஜோடியை மட்டும் ஸ்பிளிட்டரின் மோடம் வாயிலிருந்து இழுங்கள். நீலமும் அதனோடு முறுக்கிய வெள்ளை நீலமும் ஒரு ஜோடி; நீலத்தோடு ஆரஞ்சைச் சேர்த்துவிட்டால் முறுக்கின் பயனே போய்விடும். எலெக்ட்ரீஷியன்கள் சிலர் நிறத்தைப் பார்க்காமல் செய்வது இதைத்தான், எனவே பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ரோசெட்டின் திருகுகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சரிக்கட்டாமல் பெட்டியையே மாற்றுங்கள். அதிக விலை ஆகாது.

எங்கே வைத்தாலும், இடி இடிக்கும் நேரத்தில் மோடத்தின் மின்செருகியை மட்டும் பிடுங்கினால் போதாது, தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். இந்தப் பக்கம் எரிந்துபோய் நான் பார்த்த மோடங்களில் பெரும்பாலானவை கம்பத்திலிருந்து வந்த கம்பி வழியாகத்தான் அடிவாங்கின.